இன்ஜெக்டர் வர மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

என்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றும்போது அது அசையவில்லை என்றதும் கை தானாகச் சுத்தியலைத் தேடும். சுத்தியலை எடுப்பதற்கு முன் எது இன்ஜெக்டரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். கார்பன் பிடித்திருந்தால் ஒரு வைத்தியம், துரு பிடித்திருந்தால் வேறு வைத்தியம். கழற்ற மறந்த ஒரு குழாய் பிடித்திருந்தால் வைத்தியமே தேவையில்லை, அந்தக் குழாயைக் கழற்றினால் போதும். காரணம் தெரியாமல் இழுத்தால் பெரும்பாலும் இன்ஜெக்டர் இரண்டாக உடையும், இல்லாவிட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் விரிசல் விடும்.

கீழே சொல்வதில் பெரும்பகுதி காமன் ரெயில் டீசல் என்ஜினுக்கு, அதாவது ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகைக்கு. பெட்ரோல் என்ஜினுக்குக் கடைசிக்கு முன் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

ஐடிலில் ஓடும் காமன் ரெயில் என்ஜினிலேயே குழாய்க்குள் 250 முதல் 300 பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஆக்சிலரேட்டர் மிதித்தால் 1,600, 2,000 பார் என்று ஏறும். பழைய டீசல் என்ஜின்களில் ஓடும்போதே ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்திய புள்ளிபோல்தான் தெரியும், வலியும் உடனே பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும். அப்படி ஏதாவது நடந்தால் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்ஜினை நிறுத்தியபின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள். மேனுவல் கையில் இல்லையென்றால் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருப்பது நல்லது. பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். பீசோ வகை (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டரின் கனெக்டரை என்ஜின் ஓடும்போது பிடுங்கவே கூடாது.

அடுத்தது சுத்தம். முழுப் பகுதியையும் தூரிகை, கிளீனர், காற்று வைத்துச் சுத்தம் செய்தபிறகே முதல் நட்டைத் தொடுங்கள். பைப்பைக் கழற்றிய நொடியே ரெயிலின் வாய், பைப்பின் இரு முனை, இன்ஜெக்டரின் வாய் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். உள்ளே இருக்கும் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. ஒரு மணல் துகள் போனாலும் புது இன்ஜெக்டர் வாங்க வேண்டிவரும். கழற்றப்போகும் ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை எழுதிவையுங்கள். ஏன் என்பது மாட்டும்போது புரியும்.

'சக் சக்' என்று சத்தம், கேபினில் புகை நாற்றம், இன்ஜெக்டரைச் சுற்றிக் கருப்புத் தார்

இது கார்பன். இன்ஜெக்டரின் அடியில் உள்ள தாமிர வாஷர் சரியாக அடைக்கவில்லை. எரியும் வாயு அந்த இடுக்கு வழியாக மேலே கசிந்து, கூடவே கரியையும் அரைகுறையாக எரிந்த டீசலையும் இழுத்து வருகிறது. அது சூட்டில் வெந்து கெட்டியாகி, கண்ணாடிபோல் பளபளக்கும் தாராக இன்ஜெக்டரைச் சுற்றி உறைந்துவிடுகிறது. மேலே தெரிவது கொஞ்சம்தான். துளைக்குள் இதே தார் அடிவரை இறங்கியிருக்கும்.

இதில் பலரும் துருவுக்கான ஊடுருவும் எண்ணெயை ஊற்றிவிட்டு மறுநாள் வந்து இழுத்துப் பார்ப்பார்கள். தார் அதற்குப் பெரிதாக அசையாது. கார்பன் கரைப்பான் வேண்டும், கார்புரேட்டர் கிளீனர்கூடப் பரவாயில்லை. வரிசை இப்படி: முதலில் மேலே உள்ள தாரைப் பித்தளை அல்லது கெட்டி பிளாஸ்டிக் சுரண்டியால் உடைத்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். இரும்பு உளி அலுமினியத்தைக் கீறும், தூரமாக வைத்துவிடுங்கள். இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் பள்ளமான கிணறு காலியானதும் கரைப்பானை நிரப்பி ஊறவிடுங்கள். கறுத்த சகதி மேலே வரும். உறிஞ்சி எடுத்து மறுபடி நிரப்புங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் ஸ்பேனரை வைத்ததுமே ஏதோ இளகியிருப்பது கைக்குத் தெரியும். ஒரு இரவு ஊறினால் இன்னும் நல்லது. கரைப்பான் எளிதில் தீப்பற்றும், அதை ஊற்றிய இடத்தில் அன்றைக்கு நெருப்போ பொறியோ கூடாது.

கிளாம்ப் போல்ட்டே வரவில்லை

இன்ஜெக்டரை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் இந்தப் போல்ட்டிடம் இன்ஜெக்டரைவிட அதிகம் பயப்படுங்கள். இன்ஜெக்டர் போனால் வேறு வாங்கலாம். போல்ட் ஹெட்டுக்குள் முறிந்தால் துளைபோட்டு எடுத்து, மரையைப் புதிதாக வெட்டி கம்பிச்சுருளாலான ஸ்பிரிங் மரை போட வேண்டியிருக்கும்.

போல்ட்டின் தலைக்குள் தார் நிறைந்திருந்தால் முதலில் ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, பிட் அடிவரை உட்காருகிறதா பாருங்கள். பாதி உட்கார்ந்த பிட்தான் தலையைத் தின்னும். தலைமேல் பித்தளைக் கம்பியை வைத்து இரண்டு மூன்று அடி போட்டால் மரையின் பிடி கொஞ்சம் விடும். பிறகு தளர்த்துவதற்கு முன் ஒரு இம்மி இறுக்கும் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே வெளியே கொண்டுவரலாம். நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டாம். பல என்ஜின்களில் இது ஒருமுறை நீண்டால் திரும்பப் பயன்படாத வகைப் போல்ட், ஏற்கெனவே இழுபட்டு இளைத்திருக்கும்.

போல்ட் வந்துவிட்டால் அந்தத் துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கிறதா பாருங்கள். அடி அடைத்த துளையில் திரவத்தோடு போல்ட்டை இறுக்கினால் அந்த அழுத்தமே ஹெட்டைப் பிளந்துவிடும்.

தாரும் இல்லை, துருவும் இல்லை, ஆனால் ஒரு மயிரிழைகூட அசையவில்லை

இழுப்பதை நிறுத்துங்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும் இன்ஜெக்டர் அசையாவிட்டால், ஏதோ ஒன்று இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். சில என்ஜின்களில் டீசல் மேலிருந்து இன்ஜெக்டருக்குள் போகாது. ஹெட்டின் பக்கவாட்டில் ஒரு தடித்த இணைப்புக் குழாய் நுழைந்து இன்ஜெக்டரின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். அதன் நட்டைத் தளர்த்தி குழாயைப் பின்னால் இழுக்காமல் இன்ஜெக்டரை மேலே இழுத்தால் இரண்டுமே நாசம். இன்னும் சிலவற்றில் வால்வ் கவரில் இருக்கும் ரப்பர் சீல் இன்ஜெக்டரைக் கவ்விக்கொண்டிருக்கும். கவரை முதலில் தூக்கிவிட்டால் பாதி பிடி போய்விடும். ரிட்டர்ன் பைப்பின் பிளாஸ்டிக் கிளிப்பையும் மறக்க வேண்டாம், அது இழுவையைத் தடுக்காது என்றாலும் உடையும்.

வெள்ளைப் பொடி அல்லது செந்நிறத் துரு

தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கி நாள் கணக்கில் தேங்கினால் இது வரும். வெள்ளைப் பொடி அலுமினியத்தின் ஆக்சைடு, சிவப்பு இன்ஜெக்டர் உடலின் துரு. இரண்டும் முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்வதால் இடைவெளியை ஆப்புபோல் அடைத்துவிடும். ஊடுருவும் எண்ணெய்க்கு இங்கேதான் வேலை. வெப்பத்துக்கும் இங்கேதான்.

அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 20 மி.மீ. துளை ஒன்றின் வெப்பம் 60 டிகிரி கூடினால், துளைக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே நூறில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் இடைவெளி கூடும். சின்ன எண்தான், ஆனால் எண்ணெய் உள்ளே நுழைய அது போதும். அதனால் வண்டியை ஓட்டி நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். குளிரும்போது அது உள்ளே இழுக்கப்படும், அடுத்த நாள் மறுபடி சூடாக்குங்கள். எண்ணெய் எரியும் பொருள் என்பதால் சூடான எக்ஸாஸ்ட் பக்கம் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட் வார்ப்பிரும்பு என்றால் இந்த விரிவு வித்தியாசம் கிடையாது, பொறுமையாக ஊறவைப்பதுதான் வழி. இன்ஜெக்டரின் மேல்பாகத்தில் குளிரூட்டும் ஸ்பிரே அடிப்பதும் ஓரளவு உதவும். கேஸ் டார்ச்சை மட்டும் இந்த வேலையில் தொட வேண்டாம்.

திரும்புகிறது, ஆனால் மேலே வரவில்லை

நல்ல செய்தி மாதிரி தோன்றும். பாதி நேரம் அப்படி இல்லை. இன்ஜெக்டரின் உடலும் டீசலைத் தெளிக்கும் நுனியான நாசிலும் ஒரே துண்டு கிடையாது. அடியில் ஒரு தொப்பி நட் நாசிலை உடலோடு சேர்த்து இறுக்கிவைத்திருக்கிறது. அது வலக்கை மரை. தொப்பி நட் கார்பனில் மாட்டிக்கொண்டு, மேலே உடலை மட்டும் இடப்பக்கமாகத் திருப்பினால் உடல் நட்டிலிருந்து கழன்றுவிடும். இழுத்ததும் உடல் வரும், நாசிலும் ஸ்பிரிங்கும் துளைக்குள் தங்கும்.

அதனால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான முகங்கள் உள்ள இன்ஜெக்டரில் முதல் அசைவை எப்போதும் இறுக்கும் திசையில், அதாவது வலப்பக்கமாகக் கொடுங்கள். அசைந்த அளவுக்கு மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள், அதைத் தாண்டி இடப்பக்கம் போக வேண்டாம். முழுச் சுற்று எல்லாம் வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினாலே இடுக்குக்குள் எண்ணெய் இறங்கும். சத்தமில்லாமல், எதிர்ப்பே இல்லாமல் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனால் உடனே நிறுத்தி, அதே அளவு வலப்பக்கம் திருப்பி மறுபடி இறுக்குங்கள். ஸ்பேனரைப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் பைப் இணைப்பிலோ, மேலே உள்ள காயிலிலோ (இன்ஜெக்டரைத் திறக்கும் மின்சுருள்) வைக்கவே கூடாது.

சில மி.மீ. எழும்பி நின்றுவிட்டது

இதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். இன்ஜெக்டரின் தடித்த பகுதி துளையின் சுவரில் படிந்திருக்கும் கார்பன் வளையத்தில் முட்டி நிற்கிறது. இன்னும் பலமாக இழுத்தால் அந்தக் கார்பன் உதிர்ந்து இடுக்கில் ஆப்பாக இறுகும். மாறாக, கீழே தள்ளுங்கள். மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பழைய இடத்துக்கு இறக்கி, கரைப்பான் ஊற்றி, காற்றடித்து, மறுபடி இழுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக எழும்பும். வேகமாகச் செய்யும் ஆளைவிட ஏற்றி இறக்கிச் செய்யும் ஆளின் கையில்தான் முழு இன்ஜெக்டர் வரும்.

கிளாம்பைத் தளர்த்தி என்ஜினை ஓட்டித் துப்பவைக்கலாமா?

சிலிண்டருக்குள் அமுக்கப்படும் காற்றின் அழுத்தமே, அதாவது கம்ப்ரஷனே, இன்ஜெக்டரை வெளியே தள்ளட்டும் என்ற யோசனை இது. கேட்காத ஆள் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாஷர் உட்காரும் இடத்தின் விட்டம் 15 மி.மீ. என்று வைத்தால் பரப்பு 1.8 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஸ்டார்ட்டரால் சுற்றும்போது கம்ப்ரஷன் 30 பார் என்றால் இன்ஜெக்டரை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 54 கிலோ. உண்மையாகவே இறுகிய இன்ஜெக்டருக்கு டன் கணக்கில் தேவைப்படும். அதாவது, இந்தத் தந்திரத்தில் வருகிற இன்ஜெக்டர் கையால் ஆட்டினாலும் வந்திருக்கும். என்ஜின் ஓடி எரிதல் நடந்தால் விசை ஐந்து மடங்கு கூடலாம், ஆனால் அப்போது ரெயிலில் அழுத்தம் ஏறியிருக்கும், இன்ஜெக்டர் எழும்பினால் உயர் அழுத்தப் பைப் வளைந்து வெடிக்கலாம். எனக்கு இதில் லாபம் எதுவும் தெரியவில்லை.

புல்லர் வைக்கும் நேரம்

ஊறவைத்து, சூடாக்கி, ஆட்டிப் பார்த்தும் வரவில்லை என்றால்தான் புல்லர், அதாவது இழுத்தெடுக்கும் கருவி. இழுவை இன்ஜெக்டரின் அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டு பைப் இணைப்பின் மரையில் கொக்கியை மாட்டி இழுப்பது சுலபம்; உடைவதும் சுலபம். சரியான முறையில் மேலே உள்ள காயிலைக் கழற்றி, உடலின் மரைக்கு ஏற்ற அடாப்டரைத் திருகி இழுப்பார்கள். மரை அளவு ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடும். பொருந்தாத அடாப்டரை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி இழுத்தால் மரை உரிந்துவிடும்.

கம்பியில் எடையைச் சறுக்கி அடித்து இழுக்கும் ஸ்லைடு ஹேமர் கார்பனுக்கு நன்றாக வேலை செய்யும், அதிர்ச்சியில் கார்பன் நொறுங்கும். ஒரே பெரிய அடியைவிட நிறையச் சின்ன அடிகள் மேல். காற்றழுத்தத்தில் அதிரும் புல்லர் இதே வேலையை இன்னும் சீராகச் செய்யும். துருவுக்கு ஹைட்ராலிக் புல்லர் ஏற்றது: அழுத்தத்தை ஏற்றி, அப்படியே சிறிது நேரம் பிடித்து, தலையில் லேசாகத் தட்டி, மறுபடி ஏற்றவேண்டும். ஹைட்ராலிக் புல்லரின் கால்கள் ஹெட்டின் தடித்த பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். வால்வ் கவரின் மேலோ கேம்ஷாஃப்ட் தாங்கியின் மேலோ நின்றால் இன்ஜெக்டருக்கு முன்னால் அது நொறுங்கும்.

காயிலைக் கழற்றி அடித்து எடுத்த இன்ஜெக்டரை நேராகத் திரும்ப மாட்ட வேண்டாம். டெஸ்ட் பெஞ்சில் பார்த்த பிறகுதான். புல்லரின் எல்லை வரை போயும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி எஞ்சினியரிங் ஷாப்பில் கொடுப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. முழு ஹெட்டையும் சீராகச் சூடாக்க அங்கே வசதி உண்டு.

உடல் வந்துவிட்டது, நாசில் உள்ளே நிற்கிறது

உள்ளே நிற்பது தொப்பி நட். அதன் உள்மரை நல்ல நிலையில் இருந்தால் அதே மரை கொண்ட இழுவைக் கம்பியைத் திருகி மேலே இழுக்கலாம். மரை போயிருந்தால் புதிதாக மரை வெட்டும் கருவி உண்டு, ஆனால் துகள் சிலிண்டருக்குள் விழாமல் செய்வது கலை. இதை முதன்முறையாக உங்கள் சொந்த என்ஜினில் பழக வேண்டாம். நாசிலை உளியால் கீழே தட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கீழே இருப்பது பிஸ்டன்.

இன்ஜெக்டர் வந்தது, வாஷர் வரவில்லை

கம்பியின் முனையை வளைத்துக் கொக்கியாக்கித் தூக்கலாம், அல்லது கூம்பு மரையுள்ள கம்பியை வாஷருக்குள் லேசாகத் திருகி எடுக்கலாம். தாமிரம் காந்தத்துக்கு வராது. அடியில் ஒன்று இருப்பது தெரியாமல் புது வாஷரோடு இன்ஜெக்டரை மாட்டுவது அடிக்கடி நடக்கிற தவறு. நாசில் மேலே தூக்கி நிற்கும், கசிவும் வரும். டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

துளைக்குள் கூலன்ட் நிற்கிறது

சில என்ஜின்களில் இன்ஜெக்டர் ஒரு மெல்லிய உலோக ஸ்லீவுக்குள் இருக்கும். ஸ்லீவின் வெளிப்பக்கம் கூலன்ட் ஓடும். இன்ஜெக்டரோடு ஸ்லீவும் சேர்ந்து எழும்பிவிட்டால் கூலன்ட் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும். உங்கள் என்ஜின் இந்த வகை என்றால் இழுப்பதற்கு முன்பே கூலன்ட்டை வடித்துவிடுங்கள். அசைந்த ஸ்லீவைத் தட்டி உள்ளே தள்ளிவிட்டால் போதாது, புதிது போட வேண்டும்.

பெட்ரோல் என்ஜின் என்றால்

உறிஞ்சு குழாயில் பீய்ச்சும் சாதாரண வகையில் 3, 4 பார்தான் அழுத்தம். அங்கே பிடிப்பது காய்ந்த ஓ-ரிங். கொஞ்சம் எண்ணெய் தெளித்து, கையால் இடமும் வலமும் திருப்பி இழுத்தால் வந்துவிடும். நேரடி இன்ஜெக்ஷனில் 200 முதல் 350 பார் வரை போகும், ரெயிலின் அழுத்தத்தை முறைப்படி இறக்கியபிறகே தொட வேண்டும். முனையில் உள்ள டெஃப்லான் வளையத்தைக் கார்பன் கவ்வியிருக்கும். உடலில் பிளாஸ்டிக் பகுதி உண்டு, திருகினால் முறியும், அதற்கென்று வரும் புல்லரால் நேராக இழுக்கவேண்டும். டெஃப்லான் வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டு, அளவுக் குழலில் சுருக்கி உட்காரவைக்கவேண்டும். அந்த வளையத்தில் எண்ணெய் தடவக்கூடாது.

மாட்டும்போதும் மாட்டியபிறகும்

வாஷர் உட்காரும் இருக்கை சுத்தமாக இல்லையென்றால் இந்த வேலை எல்லாம் சில மாதத்தில் மறுபடி. நாசில் துளையைக் கிரீஸ் தடவிய துணியால் அடைத்து, இருக்கை வெட்டியின் முனையிலும் கிரீஸ் பூசி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துகள்கள் கிரீஸில் ஒட்டும். வட்டம் முழுவதும் பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்துங்கள், ஆழமாக வெட்டினால் நாசில் கீழே இறங்கி டீசல் தெளிப்பு மாறிவிடும். பிறகு துணியை எடுக்க மறக்காதீர்கள்.

வாஷர் புதிது, தடிமன் பழையதேதான். உடலின் மீது செராமிக் ஆன்டி-சீஸ் (இறுகிப் பிடிக்காமல் காக்கும் பசை) மெல்லிய பூச்சு, வாஷரிலும் நாசில் முனையிலும் எதுவும் வேண்டாம். உயர் அழுத்தப் பைப்பின் நட்டுகளை முதலில் கையால் மாட்டி இன்ஜெக்டரை நேர்ப்படுத்துங்கள், பிறகு கிளாம்ப் போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள், பைப் கடைசியில். பல தயாரிப்பாளர்கள் பைப்பையும் ஒருமுறைப் பொருள் என்றே சொல்கிறார்கள்.

ஸ்டார்ட்டர் ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றால் உடனே விடுங்கள். ஊற்றிய எண்ணெய் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கும், திரவம் சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றித் திரவத்தை வெளியேற்றுங்கள். இதை இன்ஜெக்டர் மாட்டும் முன்பே செய்துவிட்டால் இந்தப் பயமே இல்லை.

'சக் சக்' திரும்பக் கேட்டால் கிணற்றில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வாஷர் அடைக்கவில்லை. போல்ட்டைக் கூடுதலாக இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் கழற்றி இருக்கையை மறுபடி பாருங்கள்.

குமிழி இல்லை, ஆனால் ஐடில் நடுங்குகிறது, புகை வருகிறது என்றால் சிலிண்டர் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அந்த ஒரு இன்ஜெக்டர் எவ்வளவு கூடக்குறையப் பீய்ச்சுகிறது என்ற திருத்தம் அதில் இருக்கிறது, எந்தச் சிலிண்டருக்கு எந்தக் குறியீடு என்று என்ஜின் கணினி நினைவில் வைத்திருக்கும். இரண்டு இன்ஜெக்டர் இடம் மாறியிருந்தாலோ புதிது போட்டிருந்தாலோ ஸ்கேனரை மாட்டிக் குறியீட்டைப் பதிவு செய்யும்வரை நடுக்கம் போகாது.